இருபத்தோரு இலக்கம்

147573952589676412927. சில வாரங்களாக இந்த எண் என் மேஜைமேல் ஒரு துண்டுக் காகிதத்தில் கிடக்கிறது. 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் என்று ஒரு ஜாபிதாவில் சேர்த்தார். நிரூபணம் தரவில்லை. 1876-இல் எத்வார் லூகா இது பகு எண்தான் என்று காட்டினார். ஆனால் எதனால் வகுபடும் என்று அவருடைய முறை சொல்லாது. அதன் பிற்கால வடிவம் இது: 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி 65 தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். இங்கே பூஜ்யம் வருவதில்லை. உடையும் என்று தெரிகிறது. எங்கே உடையும் என்று தெரிவதில்லை.

அந்த நிலை 27 வருஷம் நீடித்தது. 1903 அக்டோபரில், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில், ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் ஒருபுறம் இந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். மறுபுறம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றாயின. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார். எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னாளில் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். சொன்னவர் ஈ. டி. பெல், கதையைச் சற்றுக் கூட்டிச் சொல்கிறவர். பெருக்கலில் கூட்டல் குறைச்சல் இல்லை. நானே போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை தப்பி, மூன்றாவதில் சரியாக வந்தது.

இதன் எந்தக் காரணியையும் 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரவேண்டும். அந்த நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தேடினாலும் 1445580-ஆவது படியில்தான் முதல் காரணி. இன்று ஒரு கம்ப்யூட்டருக்கு இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு நீண்ட கவிதையைப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு, "இது கவிதையாகவில்லை" என்றேன். "எந்த இடத்தில்?" என்று கேட்டார். "இடம் சொல்ல முடியாது. தெரிகிறது" என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு போனார். பிறகு எதையும் என்னிடம் காட்டவில்லை.

இந்த எண்ணைப் பற்றிப் படித்தபோது முதலில் ஆறுதலாக இருந்தது. லூகாவாலும் இடம் சொல்ல முடியவில்லையே. ஆனால் லூகாவின் கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். என் தீர்ப்பை அப்படிப் பார்க்க வழியில்லை. நான் மெர்சென் பக்கத்து ஆள். அவருடைய ஜாபிதாவில் 67 மட்டுமல்ல, 257-ம் தப்பு. 61, 89, 107 விடுபட்டுப் போயின. மற்றவை சரி. எது எந்த வகை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நண்பரின் கவிதையை மறுபடி பார்க்கலாம் என்று நினைத்தேன். அதில் ஒரு வரிகூட ஞாபகமில்லை. நான் சொன்னது மட்டும் ஞாபகமிருக்கிறது.