மண்மேட்டில் தாவும் சைக்கிள்

மண்ணைக் குவித்து, திமிசு போட்டு இறுக்கி, அந்த மேட்டின் மீது சைக்கிளை ஓட்டி அந்தரத்தில் எழும்பி, மறுபுறச் சரிவில் இறங்கும் விளையாட்டுக்கு டர்ட் ஜம்ப் என்று பெயர். வேடிக்கை பார்ப்பவர் கண் எழும்பும் கணத்தில் நின்றுவிடுகிறது. ஓட்டுகிறவருக்கோ பாடம் முழுவதும் இறங்கும் சரிவில் இருக்கிறது. மேடு கட்டுவது, சைக்கிள் தேர்வு, பயிற்சியின் வரிசை எல்லாவற்றையும் அந்தச் சரிவே தீர்மானிக்கிறது.

இந்த விளையாட்டு வளர்ந்த மண் தெற்குக் கலிபோர்னியா. 1963-இல் ஷ்வின் நிறுவனம் ஸ்டிங்-ரே என்ற 20 அங்குலச் சக்கரச் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டோகிராஸ் பந்தயங்களைப் பார்த்து மயங்கிய சிறுவர்கள், அந்தச் சைக்கிள்களை ஓட்டிக்கொண்டு காலி மனைகளில் மேடு கட்டித் தாவினார்கள். 1971-இல் வெளியான ‘ஆன் எனி சண்டே’ என்ற மோட்டார் சைக்கிள் ஆவணப்படம் அப்படிப்பட்ட சிறுவர்களைக் காட்டியபின் ஆட்டம் நாடெங்கும் பரவியது. பிஎம்எக்ஸ் என்று பெயர் பெற்ற அதன் பந்தய வடிவம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. மலைச் சைக்கிள்காரர்கள் இந்த மேடுகளுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள். கலிபோர்னியாவின் ஆப்டாஸ் என்ற சிற்றூரில் அஞ்சலகத்தை ஒட்டியிருந்த தனியார் மனையின் மேடுகள் உலகம் முழுவதும் தெரிந்தவை. 2015-இல் கட்டுமான வேலைக்காக அவையும் மூடப்பட்டன. மனை காலியாகக் கிடக்கும் வரைதான் மேட்டுக்கு ஆயுள்.

ஒரு மேட்டில் ஏறுசரிவு, அதன் விளிம்பு, நடுப்பகுதி, இறங்குசரிவு என நான்கு பாகங்கள். நடுப்பகுதியை மண்ணால் நிரப்பித் தட்டையாக்கினால் அது டேபிள்டாப். வெட்டவெளியாக விட்டால் அது இடைவெளித் தாவல். கற்றுக்கொள்பவருக்கு உரியது டேபிள்டாப் மட்டுமே. தூரம் குறைந்துபோனாலும் சக்கரம் மண்ணில்தான் படும், பள்ளத்தில் விழாது.

இறங்குசரிவு ஏன் முக்கியம் என்பதை எளிய கணக்கு காட்டிவிடும். விளிம்பில் சரிவு 30 பாகை, வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்க்கையில் சைக்கிள் ஏறக்குறைய 3 மீட்டர் தூரம் தாவும். விளிம்புக்கு மேல் 43 சென்டிமீட்டர் எழும்பும். காற்றில் இருப்பது 0.6 விநாடிதான். ஏறிய உயரத்துக்கே திரும்பி வருகையில் அது விநாடிக்கு 2.9 மீட்டர் வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். சமதரையில் விழுந்தால் அந்த அடி முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் வந்து சேரும். அதே சைக்கிள் 30 பாகைச் சரிவில் இறங்கினால், தரையை மோதும் வேகம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. சைக்கிள் போகும் திசையும் சரிவின் திசையும் ஒன்றாகிவிடுவதே காரணம்.

வேகமும் நுணுக்கமானது. அதே விளிம்பில் மணிக்கு 18 கிலோமீட்டரில் வந்தால் தாவல் 2.2 மீட்டர்; 24-இல் வந்தால் 3.9 மீட்டர். மூன்று கிலோமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் இறங்கும் இடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிப்போகிறது. அதனால்தான் ஒரே தூரத்திலிருந்து, ஒரே அளவு மிதித்து, ஒரே வேகத்தில் மேட்டுக்கு வரும் பழக்கம் எழும்பும் திறமைக்கு முன்னால் வர வேண்டியிருக்கிறது.

மும்பையின் சயான் பகுதியில் இதைக் கற்க நினைப்பவருக்கு முதல் தடை இடம். மிதித்து வேகம் எடுக்க 15 மீட்டர், மேட்டுக்கு 5 மீட்டர், இறங்கியபின் நிறுத்த 10 மீட்டர் என்று ஒரே ஒரு சிறு டேபிள்டாப்புக்கு 30 மீட்டர் வேண்டும். அது கிரிக்கெட் பிட்ச்சைப் போல ஒன்றரை மடங்கு நீளம்; மும்பை மைதானங்களில் அந்த நீளத்தை மட்டையும் பந்தும் எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டன. இயற்கையான மேடு என்று பார்த்தால் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சயான் குன்று இருக்கிறது. ஆனால் அதன் உச்சியில் 1669-க்கும் 1677-க்கும் இடையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டை நிற்கிறது. ஆங்கிலேயரின் பரேல் தீவுக்கும் போர்ச்சுகீசியரின் சால்செட்டுக்கும் அந்நாளில் அதுதான் எல்லைக் காவல். அந்தப் பழஞ்சின்னத்தின் சரிவில் மண்வெட்டி வைக்கக் கூடாது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பள்ளி மைதானத்தின் ஓரம், குடியிருப்புச் சங்கத்தின் காலி மூலை போன்ற இடங்களில் உரியவரின் அனுமதியோடு கட்டுவதே வழி.

அடுத்தது மண். 60 சென்டிமீட்டர் உயரம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளத் தட்டை நடுப்பகுதி கொண்ட தொடக்கநிலை மேட்டுக்கே நான்கு கன மீட்டருக்கு மேல் மண் பிடிக்கும். இறுக்கியபின் அதன் எடை ஏழு டன்னைத் தொடும். அதுவும் எந்த மண்ணும் ஆகாது. மும்பையில் தரை நிரப்பக் கொட்டும் முரம்பு, பசால்ட் என்ற கரும்பாறை சிதைந்து உண்டானது. அடித்தளத்துக்கு நல்லது, மேற்பரப்பில் சரளையாக உதிரும். கட்டட இடிபாட்டில் கம்பியும் கண்ணாடியும் கிடக்கும், அதைத் தொடக் கூடாது. மேலே அரையடிக்குக் களியும் மணலும் கலந்த மண் வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் குத்தினால் உடைய வேண்டும். அந்தப் பதமே சரி. தாராவியின் கும்பார்வாடாவில் சக்கரம் சுற்றும் குயவர்களுக்கு இந்தப் பதம் கையிலேயே தெரியும். மண்ணை ஒரே மூச்சில் குவிக்காமல், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும்.

ஆண்டுக்குச் சுமார் 2,200 மில்லிமீட்டர் மழை பெய்யும் நகரம் மும்பை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டிவிடுகிறது. எனவே மேடு கட்ட ஏற்றது அக்டோபர். மண்ணில் ஈரம் இருக்கும், மழை போயிருக்கும். மார்ச்சுக்குப் பிறகு விளிம்பு தூளாகும், ஓட்டுவதற்கு முந்தின மாலை தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். ஜூனுக்கு முன்னால், தாராவிக் கூரைகளுக்குப் போடும் அதே நீலத் தார்ப்பாயால் மேட்டை மூடிவிட வேண்டும். ஈரமான மேட்டில் ஓட்டினால் சக்கரத் தடம் பதிந்து காயும். மறுநாள் அந்தத் தடமே முன்சக்கரத்தைத் திருப்பிவிடும்.

டர்ட் ஜம்ப் சைக்கிள் சிறியது, உறுதியானது. 26 அங்குலச் சக்கரம், தாழ்ந்த சட்டம், ஒரே கியர், முன்பக்கம் மட்டும் 80 முதல் 100 மில்லிமீட்டர் வரை அமுங்கும் ஃபோர்க். பின்பக்க ஸ்பிரிங் கிடையாது. இருந்தால், ஏறுசரிவில் கால் கொடுக்கும் அழுத்தத்தை அது விழுங்கிவிடும். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து மலிவாக விற்கும் ‘எம்டிபி’ மலைச் சைக்கிள்கள் தெருவுக்கே உரியவை, தாவலுக்கு அல்ல. டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, இருக்கையை முழுவதும் இறக்கி, ஓட்டுவதற்குமுன் ஹேண்டில்பாரையும் சக்கர அச்சையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். முகம் மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை, தட்டை அடி ஷூ ஆகியவை முதல் நாளிலிருந்தே தேவை.

பயிற்சி தரையிலிருந்து தொடங்குகிறது. இரு பெடல்களும் சமமாக இருக்க, முழங்காலும் முழங்கையும் வளைந்து, எழுந்து நின்றபடி ஓட்டுவது முதல் படி. குரங்கு பெடல் போட்டுச் சைக்கிள் பழகிய கால்களுக்கு இருக்கையில்லாமல் நிற்பது புதிதல்ல. அடுத்து, விளிம்பில்லாத தாழ்ந்த அலைமேடுகள்: ஏறும்போது உடலைத் தளர்த்தி, இறங்கும்போது கால்களால் சைக்கிளை அழுத்தினால் மிதிக்காமலே வேகம் கூடும். இறங்குசரிவை உடல் கற்றுக்கொள்வது இங்கேதான். மூன்றாவதாக டேபிள்டாப்பின் மீது, எழும்பாமல், மெதுவாக உருண்டு கடந்து இறங்குவது. அதன்பிறகே வேகம். ஏறுசரிவில் முழங்கால் மடித்து அழுத்தி, விளிம்பில் நிமிர வேண்டும். பார்வை விளிம்பைத் தாண்டி இறங்குசரிவில் இருக்க வேண்டும். காற்றில் ஹேண்டில்பாரை மெல்ல முன்னால் தள்ளினால் முன்சக்கரம் சரிவின் சாய்வுக்கு வரும். இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடும்.

தவறுகளுக்கும் அடையாளம் உண்டு. ஹேண்டில்பாரை இழுத்து எழும்ப முயன்றால் முன்சக்கரம் வானம் பார்க்கும், பின்சக்கரம் முதலில் இடிக்கும். விளிம்பில் உடல் விறைத்தால் சைக்கிள் காற்றில் பக்கவாட்டில் சாயும். கடைசி நொடியில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் நடுப்பகுதியில் மோதும். ஐயம் வந்தால் மேட்டுக்கு வெகுமுன்னரே விலகிவிட வேண்டும். விழும்போது கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டோ காறையெலும்போ முறியலாம். கையை மடக்கி உருள்வதே நல்லது. அடிபட்டால் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி என்று ஊரார் அழைக்கும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் தனியாகப் பயிற்சி செய்யக் கூடாது.

டேபிள்டாப்பில் தொடர்ந்து ஒரே இடத்தில், இரு சக்கரமும் சரிவில் பட, சத்தமில்லாமல் இறங்கவந்தால் ஓட்டுகிறவர் அடுத்த கட்டத்துக்குத் தயார். அப்போது நடு மண்ணை வெட்டி எடுத்து இடைவெளி ஆக்கலாம். அதுவரை அது அங்கேயே கிடக்கட்டும்.