காரைக்குள் கம்பி

சென்னையில் பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் முதலில் தேடிப் போவது வக்கீலை. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ அனுமதி வரைபடம், வாரிசுகளின் கையெழுத்து என்று ஒவ்வொன்றையும் அவர் வரி வரியாகப் படித்துக் கருத்து எழுதித் தருகிறார். அடுத்து வாஸ்து. சமையலறை எந்த மூலையில், தலைவாசல் எந்தத் திசையில் என்று ஒரு சுற்று. இவ்வளவும் முடிந்தபின், "கட்டடத்தை யார் பார்த்தது?" என்று கேட்டால், "குடும்பத்தோட போய்ப் பார்த்தோமே" என்பார்கள். புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கும், ஜன்னலில் நல்ல காற்று வந்திருக்கும், மனசுக்குப் பிடித்துப்போயிருக்கும்.

என் தங்கை மகள் திருவான்மியூரில் ஒரு ஃபிளாட்டை முடிக்க இருந்தபோது, அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு இன்ஜினீயரை அழைத்துப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தொண்ணூறுகளில் கட்டிய கட்டடம், மேல் மாடி வீடு, கடல் நடந்து போகிற தூரத்தில். வந்தவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவியோடு காத்திருந்த புரோக்கரைத் தாண்டி நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். தட்டோடுகளுக்கு இடையே பூச்சு விட்டுப்போன இடங்கள், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், மழைநீர் இறங்கும் குழாயின் வாய் என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். பிறகு கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கி, தூண்களின் அடியையும் உத்தரங்களின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார். வீட்டுக்குள் போனது அதற்கப்புறம்தான்.

"சுவத்துல விரிசல் இருக்கே சார், பயமா?" என்று என் தங்கை மகள் கேட்டாள்.

"உத்தரமும் செங்கல் சுவரும் சேர்ற எடத்துல மயிரிழையா ஓடுதே, இது எல்லா வீட்லயும் வரும்மா. கீழ தூண்ல நெட்டுக்குத்தா ஒண்ணு பாத்தேன். அதத்தான் கவனிக்கணும்."

அவர் விளக்கியது என் மனத்தில் அப்படியே இருக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. காவல் போன கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உப்பும்போது கான்கிரீட் கம்பியின் நீளத்துக்கு வெடிக்கிறது. தூணில் நேர்க்கோடாகத் தெரிந்தது அதுதான். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடின் அடியில் காரை உதிர்ந்திருந்த இடத்தைக் கொஞ்சம் கொத்தி, ஃபீனால்ஃப்தலீன் சில சொட்டுகள் விட்டார். பள்ளிக்கூட வேதியியல் வகுப்பில் பார்த்த அதே திரவம். காரம் இருந்தால் கருஞ்சிவப்பாக மாறும். விளிம்பில் நிறமே வரவில்லை. உள்ளே தள்ளி நல்ல சிவப்பு. "இன்னும் சரிபண்ணலாம், ஆனா தள்ளிப்போடக் கூடாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை அழைத்துப் போயிருக்கலாம்.

வீட்டுக்குள் பார்த்தது விரைவாக முடிந்தது. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, டைல்ஸைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறதா, மின்கசிவு பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்று பார்த்தார். கீழ்வீட்டுக் கதவையும் தட்டி, "மேலேருந்து தண்ணி எறங்குதா?" என்று கேட்டார். எந்தப் பத்திரத்திலும் கிடைக்காத பதில் அங்கே கிடைத்தது.

ஒரு வீடு கைமாறும்போது கூட நிற்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். புரோக்கருக்கு வியாபாரம் முடிந்தால்தான் கமிஷன். விற்பவருக்கு முடிந்தால்தான் பணம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கொடுக்கிற கடனுக்குச் சொத்து ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்க்கிறார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரே கூலி பெற்று, வாங்குகிறவருக்காக மட்டும் கட்டடத்தைப் பார்க்கிற ஆள் இந்த இன்ஜினீயர் ஒருவர்தான். அமெரிக்காவில் வீட்டு ஆய்வாளர்கள் 1976-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். ஆய்வு சரியாக இருந்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது அங்கே வழக்கம். இங்கே முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் கட்டுகிறோம். சில ஆயிரம் ரூபாய் இன்ஜினீயர் கூலியை வீண்செலவு என்கிறோம்.

"பழைய ஃபிளாட்டுக்கு மனைப் பங்குதானே விலை, கட்டடத்துக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது சம்மதமில்லை. குழந்தைகள் தூங்கப்போவது அந்தக் கூரையின் கீழே. 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு, சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை.

புது ஃபிளாட்டுக்கும் ஆய்வு தேவை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் கட்டியவரே 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்த 5 ஆண்டுக்குள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பழைய வீட்டை ஒருவரிடமிருந்து வாங்குகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

திருவான்மியூர் வீட்டுக்காரர் இன்ஜினீயரின் அறிக்கையைப் படித்ததும் முதலில் முகம் வாடினார். "நாங்க பெங்களூர் போயி வருஷமாச்சு சார், இதெல்லாம் எனக்கே தெரியாது" என்றார். அவர் சொன்னது உண்மை. விற்கும் முன் அவரே ஒருவரைக் கூப்பிட்டிருந்தால், செலவை அறிந்து விலை சொல்லியிருப்பார். கடைசி நேரத்தில் பேரம் பேசி மனம் கசந்திருக்காது. ஆய்வு விற்பவருக்கும் காப்பு என்று நான் சொல்வது இதனால்தான். அவர் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். தூண் வேலை ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் பொதுப் பணத்தில் என்று கூட்டத்தில் எழுதிக் கையெழுத்தான பிறகே அட்வான்ஸ் கைமாறியது.

இந்தியாவில் வீட்டு ஆய்வாளருக்கென்று தனி உரிமம் இல்லை. ஆகவே ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புரோக்கர் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம். ரிப்பேர் வேலையையும் நானே செய்து தருகிறேன் என்பவரும் வேண்டாம். கட்டட வலிமை படித்த இன்ஜினீயராக, முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைக் காட்டக்கூடியவராக இருக்கட்டும். அவர் பார்க்கும்போது நீங்களும் கூடவே நடங்கள், கேளுங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் அழைத்துப் போங்கள். அட்வான்ஸ் ஒப்பந்தத்தில், ஆய்வில் பெரிய குறை தெரிந்தால் பணம் முழுதும் திரும்பத் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கும்படி உங்கள் வக்கீலிடம் இன்றே சொல்லுங்கள்.