மதில் மேல் பூனைகளும் ஒரு வழக்கும்

பூனை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'அங்கே ஏறாதே' என்று எந்த இடத்தைக் காட்டி அதட்டுகிறோமோ, அடுத்த நிமிடம் அது அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஒரே வீட்டில் இப்படி ஐம்பது, அறுபது பூனைகள் இருந்தால்? அமெரிக்காவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பூனைகள் மதிலேறியதால், வீட்டுக்காரர்கள் கோர்ட் படியேற வேண்டி வந்தது!

ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமியிலிருந்து, தீவுகளை இணைக்கும் கடல் பாலங்கள் வழியே சுமார் 260 கி.மீ. போனால் கீ வெஸ்ட் தீவு வரும். அங்கே ஒயிட்ஹெட் தெருவில், கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, 1851ல் கட்டப்பட்ட சுண்ணாம்புக்கல் மாடி வீடு ஒன்று உள்ளது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1930களில் குடும்பத்துடன் வாழ்ந்த வீடு. 1964 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

கப்பல் கேப்டன் ஒருவர் ஆறு விரல் கொண்ட வெள்ளைப் பூனை ஒன்றை ஹெமிங்வேக்குப் பரிசளித்தார் என்றும், அதன் வம்சமே இங்கே பெருகியிருக்கிறது என்றும் சொல்கிறார்கள். பூனைக்குப் பொதுவாக முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நான்கு. இங்கோ ஏறக்குறைய பாதிப் பூனைகளுக்குக் கூடுதல் விரல்கள். குழந்தைக்குக் கம்பளிக் கையுறை மாட்டிவிட்டது போலப் பாதம் அகன்று தெரியும். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே குட்டிக்கும் வர வாய்ப்புண்டு.

பிரபலங்களின் பெயர்களைச் சுமந்து திரியும் இந்தப் பூனைகளுக்கு வீட்டில் தடை என்பதே கிடையாது. பார்வையாளர்கள் எட்ட நின்று பார்க்கும் ஹெமிங்வேயின் கட்டிலில் இவை கால் நீட்டித் தூங்கும். தோட்டத்தில் இவை தண்ணீர் குடிக்கும் தொட்டியின் கதை இன்னும் வேடிக்கை. மதுக்கடை ஒன்றின் கழிப்பறையில் இருந்த தொட்டியை ஹெமிங்வே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மனைவி பாலின் அதற்கு வண்ண ஓடு பதித்து அழகாக்கினார்!

இத்தனை குறும்பையும் ரசித்தவர்கள் மத்தியில், பூனைகளின் பராமரிப்பு பற்றிப் பார்வையாளர் ஒருவர் புகார் கொடுத்தார். மத்திய வேளாண்மைத் துறை விசாரணைக்கு வந்தது. அருங்காட்சியகம் உரிமம் பெற வேண்டும், பூனைகளுக்கு அடையாள வில்லை கட்ட வேண்டும், இரவில் அவற்றைக் கூண்டில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிலை உயர்த்துங்கள், அல்லது மதில் மேல் மின்கம்பி போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் இரவுக் காவலாளி வையுங்கள் என்றது. மதிலுக்கு வெளியே வண்டிகள் ஓடும் தெரு என்பதால், அந்தக் கவலையை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் திரிந்த பூனைகளைக் கூண்டில் போடுவதா?

பல வருடம் நடந்த இழுபறியில், 2012 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு பூனைகளைக் காட்டுவதால், விலங்கு நலச் சட்டம் இந்த வீட்டுக்கும் பொருந்தும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். சட்டத்தின் பிடி வந்தாலும் கூண்டு வாழ்க்கை வரவில்லை. பூனைகள் இன்றும் தோட்டத்தில்தான் உலவுகின்றன.

2017 செப்டம்பரில் 'இர்மா' புயல் வந்தபோது வேறொரு சோதனை. தீவை விட்டு வெளியேறும்படி உத்தரவு. பத்து ஊழியர்கள் மட்டும் 54 பூனைகளுடன் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். பூனைகளை உள்ளே கொண்டுவரத் தொடங்கியபோது, சில தாமாகவே வீட்டுக்குள் ஓடி வந்தன என்கிறார்கள். கனத்த கல் சுவர்களுக்குள் மனிதர்களும் பூனைகளும் ஒன்றாகப் புயலைக் கழித்தார்கள். ஒரு பூனைக்கும் ஆபத்தில்லை.

மதில் தாண்டுவதில் கெட்டிக்காரப் பூனைகள்தான். ஆனாலும் எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது.