எட்டயபுரத்தில் திறந்த கதவு

ஜப்பானின் கனசாவா நகரில் 'ஷிமா' என்றொரு பழைய தேநீர் விடுதி இருக்கிறது. 1820-ல் கட்டிய மரவீடு. ஒரு காலத்தில் தேநீரைவிட அங்கே ஆடலும் பாடலும்தான் பிரதானமாக இருந்தன. மாடியில் விருந்தாளிகள் உட்காரும் அறை. அதை ஒட்டினாற்போல் கெய்ஷாக்கள் ஆடவும் ஷாமிசென் மீட்டவும் ஓர் அறை. தெரிந்தவர் யாராவது கூட்டிக்கொண்டு போகாமல் இத்தகைய வீடுகளில் புதிய ஆள் கால் வைக்க முடியாது. ஆனால் ஷிமாவை இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு எவரும் பார்க்கலாம். பாய் விரித்த அந்த அறையில் நின்றபோது எனக்கு எங்கள் எட்டயபுரம் அரண்மனை நினைவுக்கு வந்தது. அங்கேயும் அழைப்புள்ளவர்கள் மட்டும் கேட்ட சங்கீதம் ஒன்று இருந்தது.

ஊர் திரும்பியதும் கோவில்பட்டியில் எட்டயபுரத்துக்குப் பஸ் ஏறினேன். புரட்டாசிக் கடைசி. மானாவாரிக் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிற நேரம். மழை பெய்தால் காலிலிருந்து செருப்பை உருவிக்கொள்ளும் இந்தக் கரிசல், பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்த தன் தம்பி பாலுசுவாமியைப் பார்க்கக் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் வந்தபோதும் சீமை இப்படித்தான் காய்ந்து கிடந்ததாம். சாத்தூர்ப் பக்கம் வரும்போது மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று சொல்வார்கள். மழைக்குக் காத்திருந்து பழகிய எங்களுக்கு அந்தக் கதை வெறும் கதை இல்லை.

எட்டயபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பாரதி பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வழி கேட்டேன்.

"தீட்சிதர் சமாதியா? அட்டக்குளத்துப் பக்கம் போங்க அண்ணாச்சி. தீபாவளிக்கு வந்தா பாட்டும் கேக்கலாம்."

1835-ல் தீபாவளியன்று, சீடர்கள் பாடிக்கொண்டிருக்க, தீட்சிதர் இந்த ஊரில்தான் உயிர் துறந்தார். சமாதி சின்ன மண்டபம்தான். நான் போனபோது வேறு யாரும் இல்லை.

அங்கிருந்து அரண்மனைக்கு நடந்தேன். காரை பெயர்ந்து, செடி முளைத்து நிற்கிறது. கனசாவாவில் ஒரு மரப்படியைக்கூடத் தேய விடாமல் காக்கிறார்கள். இங்கே சுவரே உதிர்கிறது. பார்க்க வயிறு எரிகிறது.

ஆனால் ஜப்பானியர் வீட்டைக் காத்தார்கள் என்றால், எட்டயபுரம் பாட்டைக் காத்தது. பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். பாலுசுவாமி அவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். குடும்பச் சொத்தாகக் கைமாறி வந்த கீர்த்தனைகளை ஊரறியக் கொடுக்க சுப்பராமருக்கு முதலில் மனம் வரவில்லை. இசை அறிஞர் சின்னசாமி முதலியார் விடாமல் மன்றாடினார். எட்டயபுரம் ராஜாவும் வற்புறுத்திச் செலவை ஏற்றார். 1904-ல் இந்த ஊர் வித்யா விலாசினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற அவருடைய நூல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஸ்வரம் மட்டும் போட்டு விட்டுவிடவில்லை அவர். ஒவ்வொரு ஸ்வரத்தையும் எப்படி அசைக்க வேண்டும் என்பதற்கும் குறி வைத்தார்: நெளிகிற கோடு கம்பிதம், சாய்ந்த கோடு ஜாரு. குருவுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டுமே காதில் விழுகிற நுணுக்கம், ஈய எழுத்தாகக் கோக்கப்பட்டுத் தாளில் ஏறியது. மின்சார விளக்குகூட எட்டிப் பார்க்காத கரிசல் ஊரில் நடந்த காரியம் இது! பிறகு சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழிலும் கொண்டுவந்தது.

தர்பாரில் சிலர் கேட்டதை அந்தப் புத்தகம் எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. இதைச் செய்த ஊர், அதை வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டாமா? அரண்மனையில் ஓர் அறையையாவது செப்பனிட்டு, 1904 பதிப்பை அங்கே வைத்து, தீபாவளிக்கு மட்டுமில்லாமல் வாரம் ஒரு நாளாவது பாட ஏற்பாடு செய்யட்டும். கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் நான் வருகிறேன்.