அவரைப் பந்தலில் ஓர் அறியாமை

வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனமொன்று 1978 முதல் இயங்கிவரும் கராச்சர்மாவில் எங்கள் இல்லம். சென்ற கார்த்திகையில் முற்றத்து அவரைக்கொடி பூக்கத் தொடங்கியதும், தளிரெங்கும் கரிய அசுவினி மொய்த்துச் சாற்றை உறிஞ்சியது. அன்னை காட்டிய வழியில் சாம்பல் தூவினேன்; ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பொழியும் அந்தமான் மழை அதனைக் கழுவிச் சென்றது.

சினமுற்று நஞ்சு தெளிக்க முனைந்தபோது, அசுவினிகளிடையே முட்கள் நிறைந்த கரும்புழுக்கள் ஊர்ந்தன. இவையும் பகையே எனக் கருதி இரண்டை நசுக்கினேன். கண்ணுற்ற அண்டை வீட்டு நண்பர் பதறி, “ஐயா, இவை பொறிவண்டின் குஞ்சுகள்! அசுவினியே இவற்றின் உணவு” என்றார்.

நஞ்சை மூடிவைத்தேன். நாள்தோறும் அசுவினி குறைந்தது, தளிர் தேறியது. பேரன் பறித்துவந்த முதற்காயைக் கண்டு மகிழ்ந்தேனாயினும், அவ்விரு புழுக்களின் நினைவு நெஞ்சில் தைத்தது. பகையை ஒழிக்குமுன் நட்பை அறிதல் வேண்டும் அன்றோ?