அரக்குக் கலர் ஷால்

டில்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் இந்த ஊர்க் குளிர் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. கும்பகோணத்தில் மார்கழி என்றால் காதைச் சுற்றி ஒரு மஃப்ளர், கையில் ஒரு டம்ளர் காப்பி, அவ்வளவுதான். இங்கேயோ தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு மூட்டை மாதிரி சமையலறையில் உருண்டுகொண்டிருப்பேன்.

எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைப்பது என் கணவருடைய வேலை. காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகும்போதே அதையும் எடுத்துப் போவார். "உருகிடுத்து, வா" என்று குரல் வரும். 2022 டிசம்பரில் அந்தக் குரல் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் வந்த குளிர்காலங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய சாம்பல் கலர் ஷாலைப் போர்த்திக்கொண்டேன். எண்ணெய் பாட்டில் அலமாரியில் உறைந்து கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. கண்ணாடி பார்த்துத்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பதும் போய்விட்டது. பொட்டே இல்லையே!

இந்தத் தடவை குளிர் ஆரம்பித்ததும் பெங்களூரிலிருந்து பெண் வீடியோ காலில் வந்தாள். "அம்மா, போனைக் கிட்டக்க கொண்டு வா. உதடெல்லாம் ஏன் இப்படி வெடிச்சிருக்கு? ரத்தம் தெரியறதே!" என்றாள். அப்போதுதான் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம்தான். உதடு மட்டுமா? கன்னம் சொரசொரவென்று இருந்தது. குதிகாலில் புடவை மாட்டுகிற அளவுக்குப் பித்தவெடிப்பு. யாரோ ஒரு கிழவி என்னைப் பார்த்து விழித்தாள்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். ஒரு பாட்டில் கிளிசரின், ஒரு டப்பா வாஸலின் வாங்கினேன். பன்னீரும் கேட்டேன். கடைப் பையன், "பால் கடையில் கேளுங்கள் ஆன்ட்டி" என்றான்! இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் வாய் தவறிவிட்டது. இங்கே பன்னீர் என்றால் பாலாடைக் கட்டி. நம் பன்னீருக்கு 'குலாப் ஜல்' என்று பெயர். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சகோதரிகளே, இவற்றை வாங்கினால் மட்டும் போதாது. எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. ரூம் ஹீட்டர் போட்டால் இன்னும் வறண்டுவிடும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டால் தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையும் போய்விடும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமே குளித்துவிட வேண்டும். சோப்பைக் குறைத்துக்கொண்டு பயத்தமாவு தேய்க்கலாம். துண்டால் ஒற்றிவிட்டு, உடம்பில் ஈரம் இருக்கும்போதே கிளிசரினில் பன்னீர் கலந்து தடவ வேண்டும். கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தோலில் அதை அப்படியே தடவினால் பிசுபிசுப்புதான் மிச்சம். வாஸலின் வேலை வேறு. அது உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடி போட்ட மாதிரி காக்கும். ராத்திரி குதிகாலில் தடவிக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தேன். பத்தே நாளில் புடவை மாட்டுவது நின்றுவிட்டது.

உதட்டுக்கு மற்ற இடங்களைப் போல எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. நாக்கால் ஈரப்படுத்தினால் இன்னும்தான் வெடிக்கும். வாஸலினே போதும். ஆனால் பெண் தபாலில் ஒன்று அனுப்பியிருந்தாள். வெறும் தைலம் என்று நினைத்துத் தடவினால் உதடு லேசாக ரோஜா நிறமாகிவிட்டது! பதறிப்போய்த் துடைத்துவிட்டேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாள் வந்தார். எழுபது வயது. கணவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. உதட்டுச் சாயம் இல்லாமல் பால் வாங்கக்கூட வெளியே வர மாட்டார். "ஏன் துடைக்கிறாய்? இந்த மூடுபனியில் சூரியன்தான் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறது. நாமாவது கொஞ்சம் சிவப்பாக வெளியே வர வேண்டாமா?" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. டிசம்பர் 21-ந் தேதி டில்லியில் பகல் பொழுது சுமார் பத்தேகால் மணி நேரம்தான். சென்னையில் அன்றைக்குக்கூடப் பதினொன்றேகால் மணிக்கு மேல் வெளிச்சம் உண்டு. வெளிச்சம் குறைந்தால் சிலருக்கு மனசும் சோர்ந்துபோகும் என்று 1984-ல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். என் சோர்வுக்கு வேறு காரணமும் இருந்தது, நிஜம்தான். ஆனாலும் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அது இரட்டிப்பாகிறது. மத்தியானம் பனியும் புகையும் விலகியதும் பால்கனியில் அரை மணி உட்கார ஆரம்பித்தேன். (சோர்வு வாரக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டால் டாக்டரிடம் போவதில் வெட்கம் வேண்டாம்.)

வெயிலில் சும்மா உட்காருவானேன் என்று ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து ஆதவனின் 'காகித மலர்கள்' எடுத்து வந்தேன். டில்லியிலேயே வாழ்ந்து, டில்லியைப் பற்றியே எழுதிய மனிதர். 1987-ல் சிருங்கேரி துங்கா நதி அவரைக் கொண்டு போய்விட்டது. கல்யாணமான புதிதில் என் கணவர் எனக்குச் சிபாரிசு செய்த புத்தகம் அது. அப்போது நாலு பக்கத்தில் கொட்டாவி வந்தது. இப்போது முழுசும் படித்தேன். 'நீங்க சொன்னது சரிதான்' என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் பஞ்சாபி அம்மாள் என்னை இந்தியா கேட் பக்கத்தில் இருக்கிற ஜெய்ப்பூர் ஹவுஸுக்குக் கூட்டிப் போனார். தேசிய நவீன ஓவியக்கூடம் அது, திங்கட்கிழமை விடுமுறை. அம்ரிதா ஷேர்கில்லின் படங்கள் அங்கேதான் ஏராளம். ஹங்கேரித் தாய்க்கும் சீக்கியத் தந்தைக்கும் 1913-ல் பிறந்தவர். பாரிஸில் படித்துவிட்டு 1934-ல் இந்தியா திரும்பினார். பிறகு நம் தென்னாட்டுப் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், 1937-ல் நம் கிராமத்து ஜனங்கள் சந்தைக்குப் போவதைப் படமாக்கினார். 28 வயதில், 1941 டிசம்பரில் லாகூரில் காலமானார். அதுவும் டிசம்பர்! ஆனால் அந்த ஆயுசுக்குள் எத்தனை சிவப்பு, எத்தனை அரக்கு, எத்தனை பழுப்பு! என் அம்மாவின் அரக்குக் கண்டாங்கி ஞாபகம் வந்துவிட்டது. நான் போர்த்தியிருந்த சாம்பல் ஷாலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே காஷ்மீர் ஷால்காரர் மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். வருஷா வருஷம் வருகிறவர்தான். கை தானாகச் சாம்பல் கலர் பக்கம் போனது. "உங்களிடம் அது இருக்கிறதே அம்மா" என்றார். ஓரத்தில் சின்னப் பூ வேலை செய்த அரக்கு ஷாலை எடுத்தேன். பேரம் பேசக்கூட மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அவருடைய ஷாலைத் துவைத்து, வேப்பிலை போட்டு பீரோவில் மடித்து வைத்தேன். அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அரக்கு ஷால், உதட்டில் லேசான ரோஜா நிறம், நெற்றியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மன்னி, கொஞ்சம் பளிச்சுனு இல்லையோ? அண்ணா போய் இன்னும்..." என்று நிறுத்தினாள்.

கோபம் வரவில்லை. "உங்கண்ணாவுக்குத்தான் தெரியுமே, எனக்குச் சாம்பல் கலரே பிடிக்காதுன்னு. அவர் வாங்கிண்டப்பவே சண்டை போட்டேன்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். இரண்டு பேரும் காப்பி குடித்தோம். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கிளிசரின் எந்தக் கடையில வாங்கினேள் மன்னி? என் கையைப் பாருங்கோ" என்று நீட்டினாள். வீட்டில் மிச்சம் இருந்த பாட்டிலையே கொடுத்தனுப்பினேன்.

இப்போதெல்லாம் காலையில் வெயில் வந்ததும் எண்ணெய் பாட்டிலை நானே பால்கனியில் கொண்டு போய் வைக்கிறேன். உருகுவதற்கு அரை மணி ஆகிறது. அதுவரை ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன்.