சட்டையோடு வீட்டுக்குப் போகும் ஈயம்

காலை 11 மணி. சென்னை புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலையை விட்டுச் சந்துக்குள் திரும்பியதுமே நாக்கில் இரும்பு வாடை. இருபுறமும் கழற்றிப் போட்ட கதவுகள், சைலன்சர்கள், கியர் பாக்ஸ்கள். நகரத்தின் காற்றில் உலோகம் எப்படிக் கலக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

முதல் கடையில் ஆட்டோவின் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். பிரேக் டிரம்முக்குள் கரித்தூள் போல அரை விரல் தூசு. "ஏர் அடிச்சா போயிடும் சார்" என்று தம்பி குழாயைத் திருப்பினான். புஸ்ஸென்று சாம்பல் மேகம் எழுந்தது, டிரம் பளிச்சென்றானது. இரும்பு, செம்பு, பேரியம், ஆன்டிமனி எல்லாம் இருக்கக்கூடிய தூசு அது. சிக்னலில் நாம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் இதுதான் துளித்துளியாகப் பறக்கிறது. புகையே விடாத மின்சார வண்டிக்கும் பிரேக் உண்டு.

அடுத்தது ரேடியேட்டர் கடை. பித்தளைக் குழாயில் ஓட்டை அடைக்க ஈயப்பற்று. 327 டிகிரியிலேயே உருகிவிடும் ஈயம், தீ நாக்கு பட்டதும் புகைகிறது. பக்கத்துக் கடையில் பழைய லாரியின் மஞ்சள் கதவை கேஸ் கட்டிங்கில் அறுக்கிறார்கள். பழைய மஞ்சள் பெயின்டுகளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்தே இருப்பதுண்டு.

"மாஸ்க் போடலையா அண்ணே?"

"வேர்க்குது சார். சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டா தூசு எறங்கிடும்."

வெல்லத்துக்கு இறங்குகிற சரக்கல்ல இது. உள்ளே போன ஈயம் எலும்பிலும் பல்லிலும் பல ஆண்டுகள் குடியிருக்கும்; பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து மீண்டும் ரத்தத்துக்கு வரும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். நிக்கல் சேர்மங்களும் ஆறிணைதிறன் குரோமியமும் நுரையீரல் புற்றுநோயை வரவழைப்பவை.

செல்போனில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்தேன். வந்த எண்ணில் ஈயத்தின் கணக்கைக் காணோம். குறியீட்டுக்குரிய 8 மாசுகளில் ஈயமும் ஒன்றுதான். ஆனால் வடிதாளில் தூசைச் சேர்த்து ஆய்வகத்தில் சோதித்தால்தான் அதன் அளவு தெரியும். 2009-ல் வந்த தேசியத் தரநிலை, ஒரு கன மீட்டர் காற்றில் ஈயத்தின் ஆண்டு சராசரி 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆர்சனிக், நிக்கலுக்கும் வரம்பு உண்டு; காட்மியத்துக்கு இல்லை.

2000-ல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது பெரிய வெற்றி. ஆனால் புகை கலைவதுபோல உலோகம் கலைவதில்லை. மண்ணில் படியும், லாரி போனால் மறுபடி எழும்.

டீக்கடையில் ரேடியேட்டர்காரர் கறுத்த விரல்களாலேயே பஜ்ஜியைப் பிய்த்தார். வேலைச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போவாராம்.

"வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"பேத்தி. ரெண்டு வயசு. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடியாந்து தோள்ல ஏறிக்கும். சட்டைக் காலரைச் சப்பிக்கிட்டே தூங்கிடும்."

வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுவது குழந்தைகளின் உடல். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "சட்டையை இங்கேயே மாத்திட்டுப் போங்கண்ணே, கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு" என்றேன். அவர் குனிந்து தன் காலரைப் பார்த்தார்.